பாதி விலை அட்டை

துணி உலர்த்தும் மெஷினின் வலையைக் கழற்றி, அதில் அப்பியிருந்த பஞ்சை வழித்துக்கொண்டிருந்தேன். லவோன் அம்மா துணி மூட்டையோடு உள்ளே வந்தார்.

"கிறிஸ்டா கண்ணு, இன்னும் ஒரு நாள் இங்கேயே இருக்கலாம்னு நீயாவது அவர்கிட்ட சொல்லேன். தேன்சிட்டுக்கு இப்பத்தான் மரத்துல கிண்ணத்துல சக்கரைத் தண்ணி கட்டி விட்டேன். அதுங்க வர்றதுக்குள்ள கிளம்புன்னா எப்படி?"

அவர் வீட்டுக்காரர் மெர்ல் வாசலிலேயே நின்றார்.

"ரெண்டு ராத்திரிக்குத்தான் பாதி விலை, லவோன். மூணாவதுக்கு முழு விலை. சட்டம்னா சட்டம்தான்." சட்டைப் பையிலிருந்து பாதி விலை அட்டையை எடுத்து ஆட்டினார்.

"முழு விலையா? ஐயோ, வேண்டவே வேண்டாம்," என்று உடனே அடங்கிவிட்டார் அந்த அம்மா.

நான் வேலை பார்க்கும் அரிசோனா முகாமில் குளிர்காலம் முழுக்க, உள்ளேயே சமைத்துப் படுக்கிற வீட்டு வண்டிகள்தான். வந்து தங்குகிறவர்கள் எல்லாம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். நாலு பேர் கூடினால், முகாம்களில் பாதி வாடகைக்குத் தங்கவிடும் இந்த அட்டைப் பேச்சுதான். வருஷச் சந்தா கட்டினால் தேறுமா, எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று. ஆனால் அதற்காக இரண்டு நாளைக்கு ஒரு ஊர் என்று பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு அலைந்தவர் மெர்ல் ஒருவர்தான்.

"இவர் செத்தா அட்டையை நெஞ்சுமேல வச்சுப் புதைக்கணும்ப்பா," என்றார் பக்கத்து வண்டிக்காரர். "அதுலயும் பாதிக் குழிதான் தோண்டச் சொல்வாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். மெர்லும் சிரித்தார்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனால் அன்றைக்கு அந்த அம்மாவுக்காக மனசு கேட்கவில்லை. என் கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முகாம் ஆபீசுக்குப் போய், மேனேஜர் ரோண்டாவிடம் கேட்டேவிட்டேன்.

"பதினாலாம் நம்பர் இடத்து லவோன் அம்மாவுக்கு மூணாம் ராத்திரியும் பாதி விலைக்கு விடலாமா?"

"மூணாவதும் பாதியா? முதல் ரெண்டே..." என்று ஆரம்பித்தாள். போன் அடித்தது. "சரி சரி, கொடுத்துத் தொலை. நீ வாயத் திறந்ததே அதிசயம்."

ஓடிப்போய்ச் சொன்னேன். லவோன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். மெர்லுக்கு முகம் செத்துப்போயிற்று.

"இல்லம்மா, நாங்க கிளம்பிடறோம்..."

"பாதி விலையாம், மெர்ல்! இன்னும் என்ன கிளம்புறது?"

அவர் அட்டையைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள், அவர்கள் வந்த மூன்றாம் நாள், காலையில் குப்பை கொட்டப் போனேன். லாரிகள் பறக்கிற பெரிய ரோட்டு ஓரத்தில் லவோன் அம்மா நின்றிருந்தார். இரவு உடுப்பு, ஒரு காலில் மட்டும் செருப்பு, கையில் பை.

"அயோவாவுக்கு பஸ் எத்தன மணிக்கு? பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துடும். வீடு பூட்டிக் கிடக்கு."

மெர்ல் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"யாரு இந்த ஆளு? கிட்ட வராதே!" என்று லவோன் அம்மா அவர் முகத்தைப் பிறாண்டிவிட்டார். ரத்தம் சட்டையில் சொட்டியது.

அந்த அம்மா அடங்கி வண்டியில் படுக்க மதியம் ஆகிவிட்டது. மெர்ல் சட்டையைத் துவைத்து மெஷினில் போட்டுவிட்டு, பனியனோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு இடத்துல ரெண்டு நாள்னா அவளுக்கு அது சுற்றுலா. மூணாம் நாள் வீட்டைத் தேடுவா. அந்த அயோவா வீட்டை வித்து நாலு வருஷம் ஆச்சும்மா."

"சொல்லியிருக்கலாமேய்யா..."

"அவளைப் பைத்தியம்னு சொல்றதுக்கு என்னைக் கஞ்சன்னு சொல்லட்டுமே. எல்லாம் மறந்துட்டா. காசை வீணாக்கக் கூடாதுங்கிறது மட்டும் நிக்குது. அதைச் சொன்னாத்தான் கிளம்புவா." கன்னத்துக் கீறலைத் தொட்டுப் பார்த்தார். "என்னை மறந்தது இன்னிக்குத்தான்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சட்டை காய்ந்ததும் கிளம்பிப் போய்விட்டார்கள். தேன்சிட்டுக் கிண்ணம் மட்டும் மரத்தில் தொங்கியது.

மறுபடி வலையைக் கழற்றிப் பஞ்சை வழிக்கும்போது, மெஷினுக்குள் ஏதோ தட்டுப்பட்டது. அந்த அட்டை. சூட்டில் வளைந்திருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். அது செல்லாமல் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மூன்று வருஷமாய் ஊர் ஊராக முழு விலை கட்டிக்கொண்டுதான் அந்த மனுஷர் கஞ்சன் பட்டம் வாங்கியிருக்கிறார்.

"கிறிஸ்டா!" ரோண்டா ஆபீசிலிருந்து கத்தினாள். "புதுசா வந்தவங்க கேக்குறாங்க, அந்தப் பாதி விலை அட்டை வாங்கினா தேறுமான்னு. வந்து சொல்லு!"

அட்டையைக் கையில் பிடித்தபடி ரோட்டைப் பார்த்தேன். வண்டி எப்போதோ மறைந்துவிட்டது. அடுத்த ஊரில் மூன்றாம் நாள் விடிவதற்குள், எதைக் காட்டி அந்த அம்மாவை அவர் கிளப்ப...

"கிறிஸ்டா! காது கேக்குதா இல்லியா?"