சுவர் டாக்டர் கைவிரித்த காலை

எங்கள் அடுக்ககமே எதிர்வீட்டுக் கோமளாவின் கூடத்தில் கூடிவிட்டது. வீட்டுச் சுவரில் பதித்த கணினி வைத்தியர், தும்மினால்கூடக் காரணம் சொல்லும் சுவர் டாக்டர், இன்று முதன்முறையாக "தெரியாது" என்றுவிட்டதாம்! கோமளாவின் இதயத்துக்கு ஆபரேஷனா, மருந்தா என்று கேட்டிருக்கிறார்கள். "இரண்டுக்கும் பலன் சமம். குலுக்கிப் போட்டு ஒன்றை எடுங்கள்" என்றது சுவர்.

"அப்ப பூக்கட்டிப் பாப்போம்" என்றாள் கோமளா.

அவள் கணவர் இங்கர்சால் புள்ளியியல் பேராசிரியர்; சாமி என்றாலே சிரிக்கிறவர். இன்று தலையாட்டினார்! "குலுக்கல்ல நம்ம ஆசை கலக்கக் கூடாது, அவ்வளவுதான். அம்மன் முன்னாடி வச்சாலும் கணக்கு ஒண்ணுதான்."

"ஏங்க, இத்தனை வருஷமா நான் வேற என்ன சொன்னேன்?"

வெள்ளைப் பூ வந்தால் மருந்து, சிவப்பு வந்தால் கத்தி. அவரே உள்ளே போய் இரண்டு பொட்டலம் மடித்துவந்து அம்மன் படத்தின் முன் வைத்தார். எடுக்கச் சொன்னது என்னை. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை! கூடம் அதிரக் கைதட்டினோம். "நோயாளிக்குச் சத்தம் ஆகாது" என்று சுவர் புலம்பியதை யார் கேட்டார்கள்? கோமளா கண்ணீரோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மற்றப் பொட்டலத்தைச் சும்மா விடுவேனா? ஓரமாய்ப் போய்ப் பிரித்தேன். அதிலும் வெள்ளை. நிமிர்ந்தால் பேராசிரியர் வியர்த்துப்போய் நிற்கிறார்.

"அக்கா, ஆபரேஷன்னு நெனச்சதும் கை சிவப்பை எடுக்க மாட்டேன்னுருச்சு" என்றார் மெதுவாக.

"செண்பகம் அக்கா, அதுல என்ன பூ?" என்று கத்தினாள் கோமளா.

"சிவப்புடி!" என்று பூவை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

என் வாயில் ஒரு ரகசியம் தங்கியதே, அதைத்தான் அம்மனின் அற்புதம் என்பேன்.