பச்சைப் பெட்டி

"தோத்துட்டீங்களாமே ஐயா!" என்று கேட்டுக்கொண்டே கொக்கோத் தோட்டத்துக்குள் ஓடிவந்த முத்துவீரன் கங்காணி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வக்கீலான புரொக்டர் சோமசுந்தரத்தின் கையில் இருந்த கத்தி அப்படியே நின்றுவிட்டது. தேர்தலில் தோற்ற துக்கத்தை மறக்கத்தான் அலுவிகாரை ஊருக்கு மேலே இருக்கும் தன் தோட்டத்துக்கு வந்து, கொக்கோக் காய் உடைக்க உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்ல யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்தார்தான். ஆனால், இந்த மனிதரா?

வருஷக்கணக்கில் மாத்தளைக் கோர்ட்டில் இந்தக் கங்காணியைக் கூண்டில் ஏற்றி, கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தண்ணீர் குடிக்க வைத்தவர் சோமசுந்தரம். தெருவில் எதிரே கண்டால் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு போகிற கங்காணி, இந்தத் தேர்தலில் மட்டும் லொறி பிடித்து, தப்பு மேளம் அடித்து, "போடுங்க பச்சைப் பெட்டியில!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு திரிந்தார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போட வேண்டுமே என்று, அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைப்பார்கள். சோமசுந்தரத்துக்குப் பச்சை. எதிர்த்து நின்றவருக்கு மஞ்சள்.

"அழாதீங்க கங்காணி. தோத்தது நான்தானே?"

"உங்களுக்கென்னங்க ஐயா, படிச்சவரு, தாங்கிக்குவீங்க. எனக்குத்தான் நெஞ்சு ஆறல. உங்களக் கையப் புடிச்சு கொழும்பு ரயில்ல ஏத்தி விடணும்னு எம்புட்டு ஆசையா இருந்தேன்! மாலைகூடச் சொல்லி வெச்சிருந்தேனே!"

மூக்கைச் சிந்திக்கொண்டு கங்காணி இறங்கிப் போனார். அவர் தலை மறைந்ததும் புரொக்டர் தன் குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னா நடிப்பு பாத்தியா ஜுனைதீன்? முன்னால அழுதுட்டு, பின்னால இந்த ஆளுதான் நம்மளக் கவுத்திருக்கான்."

"இல்ல ஐயா. அதுதான் எனக்கும் வெளங்கல்ல" என்றார் ஜுனைதீன். "கங்காணிட ஆக்கள் ஓட்டுப் போட்ட எடத்தில பச்சைப் பெட்டி நெறஞ்சி கெடந்திச்சி. வஹகோட்டைப் பக்கமும் நல்லா விழுந்திருக்கு."

"வஹகோட்டையிலயா? அங்க ஒருத்தருக்குக்கூட நான் கேஸ் பேசினது இல்லையே! என் மூஞ்சியே அங்க யாருக்கும் தெரியாதேப்பா!"

"தெரியாதவங்கதான் ஐயா போட்டிருக்காங்க."

"சரி, நம்ம காத்தாயி இருக்கிற தோட்டம்? அங்க எப்படி?"

ஜுனைதீன் தலையைச் சொறிந்தார். "அங்கதான் ஐயா தொடச்சி எடுத்திருக்காங்க. பச்சைப் பெட்டியத் தெறந்தா அடிப்பலகைதான் தெரிஞ்சிச்சாம்."

புரொக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காத்தாயியின் புருஷன் செத்த கையோடு, தொழிலாளர் லயத்து அறையைக் காலி பண்ணச் சொல்லிச் சட்டி பானையை வெளியே வீசியவர் இந்த முத்துவீரன் கங்காணி. ஒரு சதம் வாங்காமல் வாதாடி அவளை அதே அறையில் மறுபடி குடிவைத்தவர் சோமசுந்தரம். அந்தத் தோட்டத்தில் இப்படி எத்தனை குடும்பங்கள்! ஒவ்வொரு வீடாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது, சட்டத்தையே மாற்றினால்தான் இவர்களுக்கு விடியும் என்றுதானே அவர் சட்டசபைக்கே நின்றார்?

"ஓட்டுக் கேட்டுப் போன அன்னைக்கு ஆரத்தி எடுத்தாளே ஜுனைதீன்! காலத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாளே!"

"நானும் பாத்துக்கொண்டுதானே நின்டேன்."

"யாராவது மெரட்டியிருப்பாங்களோ?"

"யாரு ஐயா மெரட்ட? மெரட்டுற ஆளுதான் நமக்கு ஓட்டுக் கேட்டுக்கொண்டு திரிஞ்சாரே!"

புரொக்டர் கத்தியைக் கீழே போட்டார். கும்பிட்டவர்கள் கவிழ்த்துவிட்டார்கள். கவிழ்க்க வேண்டியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு போகிறார். எத்தனையோ சிக்கலான வழக்குகளைப் பிரித்துப் பார்த்தவருக்கு, இதில் நுனி எது, முடிச்சு எது என்றே பிடிபடவில்லை.

அப்போது தோட்டத்து வாசலில் சரவெடி வெடித்தது. கூடவே தப்புச் சத்தம், குலவைச் சத்தம். லயத்து ஜனம் மொத்தமும் மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது. முன்னால் காத்தாயி. நெற்றி நிறைய விபூதி, கையில் மாலை, முகமெல்லாம் சிரிப்பு.

"விழுந்து கெடக்கிறவன் மேல வெடி கொளுத்திப் போட வந்திருக்காங்க, பாரு" என்று முணுமுணுத்தார் புரொக்டர்.

காத்தாயி எதையும் கவனிக்காமல் மாலையை அவர் கழுத்தில் போட்டாள். "மாரியம்மனுக்குத் தேங்கா ஒடச்சிட்டு நேரா இங்கதாங்க வர்றோம்."

"ஜெயிச்சவரு வீடு டவுன்லயில்ல இருக்கு? வழி தவறி வந்துட்டியா?"

"தோத்தது நீங்கதான்னு தெரிஞ்சுதாங்க வந்தோம். அதுக்குத்தானே லயத்துல எல்லாரும் அம்மனுக்கு நேந்துக்கிட்டோம்!"

"நான் தோக்கணும்னா? அப்படி என்னா கெடுதல் செஞ்சுட்டேன் காத்தாயி உங்களுக்கு?"

காத்தாயி பதறிப்போய் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்னங்கய்யா, இப்படிக் கேட்டுப்புட்டீங்க? நீங்க பாட்டுக்கு ஜெயிச்சுக் கொழும்புல போயி ஒக்காந்துக்கிட்டா, இந்தக் கங்காணி போடுற கேஸுக்கெல்லாம் மாத்தளைக் கோட்டுல எங்களுக்காக யாருங்க எந்திரிச்சு நிப்பா?"