ஏழாவது பாடம்

"ஏழாவது பாடத்தைத் தூக்கிடலாமே" என்றார் பில்லிங் மேனேஜர்.

மவுஸின் மேலிருந்த அவள் கை அப்படியே நின்றது.

அதுவரை கூட்டம் சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியின் பில் கவுண்டர் ஊழியர்களுக்கான ஆன்லைன் பயிற்சியைப் புதுப்பித்துத் தருவது அவள் வேலை. பழைய பயிற்சி அரதப்பழசு. அதில் வரும் கம்ப்யூட்டருக்கு முதுகில் பெரிய கூன். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்புவது எப்படி என்று தனியாக ஒரு பாடம் வேறு. ஃபேக்ஸ் மெஷினைக் கண்ணால் பார்த்த ஊழியர் ஒருவரும் மிச்சமில்லை.

ஆனாலும் வருஷம் தவறாமல் எல்லோரும் நூற்றுக்கு நூறு. என்டர் பட்டன்மேல் ஸ்டேப்ளரைத் தூக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் போதும். திரும்பி வரும்போது திரையில் பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கும். ரிட்டயர் ஆகிப் போன ஒருவர்கூட இன்னும் தேறிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் அவள் வெட்டி எறிந்தபோது நிர்வாக அதிகாரி அம்மாள் பிஸ்கட்டைக் கடித்தபடி தலையாட்டினார். எல்லாப் பாடத்திலும் சிரிக்கிற ஸ்டெதஸ்கோப் பொம்மை ஒன்று வர வேண்டும், ஊழியர்களுக்கு உற்சாகமாக இருக்கும் என்றார். அதற்கும் அவள் சரி என்றாள். மேனேஜரும் அதுவரை வாயைத் திறக்கவில்லை. ஏழாவதில்தான் முரண்டு பிடித்தார்.

மற்ற பாடங்களை என்ன செய்தாலும் அவளுக்குக் கவலையில்லை. ஏழாவது நின்றாக வேண்டும். அலையாய் அலைந்து இந்த வேலையை அவள் வாங்கியதே அந்த ஒரு பாடத்துக்காகத்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

பாடத்தின் தலைப்பு, 'நோயாளி இறந்துவிட்டால்'.

பழைய பயிற்சியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதைப் பொறுத்தவரை நோயாளிகள் குணமாகிறவர்கள். சிரித்த முகமாகக் கவுண்டருக்கு நடந்து வந்து டிஸ்சார்ஜ் பாரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள். நோயாளியின் கையெழுத்து இல்லாமல் பில்லை முடிக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் சிவப்பாகப் போட்டிருந்தது. விதிவிலக்கு எதுவும் இல்லை.

அவள் எழுதியிருந்தது ஒரு சின்னக் காட்சி. கணவனைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி கவுண்டருக்கு வருகிறாள். கிளார்க் நோயாளியின் கையெழுத்தைக் கேட்கிறார். அப்படிக் கேட்கக் கூடாது என்பதுதான் பாடம்.

"செத்தவர்கிட்ட கையெழுத்து கேக்கிற அளவுக்கு எங்க ஆளுங்க என்ன முட்டாளாம்மா?" மேனேஜருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நானும் பல வருஷம் கவுண்டர்ல உக்காந்தவன்தான். ஒருத்தரும் இப்படிப் பேசமாட்டாங்க."

அதிகாரி அம்மாளும் கொஞ்சம் செயற்கையாகத்தான் இருக்கிறது என்றார். தலைப்பும் உறுத்துகிறதாம். 'சேவை நிறைவுற்றால்' என்று மாற்றி, பொம்மையின் சிரிப்பை மட்டும் லேசாகக் குறைத்துவிட்டால் பார்க்கலாம் என்று அடுத்த பிஸ்கட்டை எடுத்தார்.

பழியை, காட்சியைப் பேசிக் காட்டிய கம்ப்யூட்டர் குரல்மேல் போட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அது செய்தி வாசிப்பதுபோல்தான் அழுதது.

"குரல்தான் சார் சரியில்ல. கிளார்க் பேசறதை நீங்களே ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்" என்று தாளை நீட்டினாள்.

மேனேஜருக்குக் கசக்குமா என்ன? கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நாற்காலியை மேஜைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணின் வசனத்தை அவளே படித்தாள்.

"நோயாளி கையெழுத்து வேணும்மா."

"அவர் இறந்துட்டாருங்க."

"அது சரிம்மா. கையெழுத்து?"

தாளில் காட்சி அதோடு முடிந்தது. மேனேஜருக்கு முடியவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நிமிர்ந்தே பார்க்காமல், வெறும் மேஜையில் விரல்களைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

"காலையிலேயே வாங்கி வெச்சிருக்கலாம்லம்மா?"

அதிகாரி அம்மாளுக்குப் புரையேறியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இப்பதான் காட்சிக்கு உயிரே வந்திருக்கு. ஏழாவது இருக்கட்டும். அந்த வரியையும் சேர்த்துடுங்க."

"நான் யோசிக்கவே இல்ல மேடம். தானா வந்துச்சு" என்று மேனேஜர் பூரித்துப்போனார்.

அவள் சேர்த்தாள்.

அவள் எழுத முடியாமல் விட்ட வரி அது. எத்தனை முறை எழுத உட்கார்ந்தாலும் அதற்கு முந்தைய வரியிலேயே அவள் கை நின்றுபோனது. மற்றபடி அந்தக் காட்சியில் கற்பனை என்று ஒரு சொல் கிடையாது. எல்லாம் இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மூன்று வருடத்துக்கு முன், கவுண்டர் கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் காதால் கேட்டது. கடைசியில் கைநாட்டாவது வேண்டும் என்றார்கள். அவள் தம்பி ஸ்டாம்ப் பேட் தேடி மாடி மாடியாக ஓடினான்.

உள்ளே உட்கார்ந்திருந்தவரின் முகம் அன்று அவள் கண்ணில் படவில்லை. குரல் மட்டும்தான் கேட்டது.

இப்போது அவள் மேனேஜரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாடம் முடிஞ்சதும் நன்றின்னு போடுவீங்கல்ல" என்றார் மேனேஜர், கொஞ்சம் கூச்சத்தோடு. "அதுல என் பேரும் வருமாம்மா?"

"கண்டிப்பா சார். முழுப் பேரைச் சொல்லுங்க. இனிஷியலோட."

அவர் ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.