யோசிக்கும் நேரம்: பூஜ்யம்

வேலை வேகத்தை அளக்க வந்தவர்களிடம் கெத்துக் காட்டப்போய் அலுவலகத்தையே மாட்டிவிட்டவர் குருமணிதான். மருத்துவ உதவி மனுக்களைத் திரையில் பார்த்து ஏற்பதோ மறுப்பதோ அவர் வேலை. கைதேர்ந்த ஆளுக்கு ஒரு மனுவுக்கு எத்தனை விநாடி ஆகும் என்று கணிக்கக் கருவியோடு வந்திருந்தார்கள்.

"யோசிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்குவீங்க சார்?"

"அந்தக் கெட்ட பழக்கமெல்லாம் நமக்குக் கிடையாதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கருவி மட்டும் சிரிக்காமல் குறித்துக்கொண்டது. அன்றிலிருந்து எல்லோருக்கும் நாள் சராசரி மனுவுக்கு நான்கு விநாடி. தாண்டினால் வேலை போய்விடும்.

இரண்டு வருடம் கழித்துத் தங்கை சுகந்தி ஒரு தாளோடு வந்தாள். அவள் கணவருக்கு டயாலிசிஸ் உதவி மறுக்கப்பட்டிருந்தது. மறுத்தவர் குருமணி. மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாதம் ஆகும்; மச்சானுக்கோ அவ்வளவு நாள் இல்லை.

"படிச்சுப் பாத்துத்தானேண்ணா மறுத்திருப்பே? காரணத்தையாவது சொல்லு."

குருமணி மேலாளரிடம் காரணம் கேட்டார். "உங்க வேகம் கணிப்புப்படி பிரமாதமா இருக்குங்க" என்றார் அவர். கடைசியில் பக்கத்து இருக்கை ஜெசிந்தாவிடம் வந்தார்.

"மச்சான் மனுவைப் படிச்சிட்டு மறந்திருப்பேனாம்மா?"

ஜெசிந்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"படிச்சிருக்க மாட்டீங்க சார். ஏத்துக்க மூணு கிளிக், ஏழு செகண்ட் ஆகும். மறுக்க ஒரே கிளிக். மதியத்துக்கு மேல சராசரியை நாலுக்கு இறக்க நாம எல்லாருமே மறுக்கத்தான் செய்றோம்."