குதிகால் காவல்

சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரின் குதிகாலில் ஆறாத புண் ஒன்று. அதன் கரையில் ஒரு தோலணு தவித்துக்கொண்டு நின்றது. அது ஊர்ந்துபோய் எதிர்க்கரையைத் தொட்டால்தான் புண் மூடும். நடுவிலோ, காவலுக்கு வந்த வெள்ளணு கண்மண் தெரியாமல் தடியைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கிருமியெல்லாம் செத்து நாளாச்சு. கொஞ்சம் வழி விடுங்களேன். கரை இடிஞ்சுக்கிட்டே வருது."

"செத்துருச்சா? அடிதடிச் சத்தம் கேக்குதே, உனக்குக் காது அடைச்சுப்போச்சா?"

"ஐயோ, அது உங்க தடிச் சத்தம்ண்ணே!"

வெள்ளணு சந்தேகத்தோடு தடியை நிறுத்தியது. புண் முழுக்க நிசப்தம். தோலணு மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊர ஆரம்பித்தது.

"பதுங்கிட்டானுங்கடா! எல்லாரும் ஓடி வாங்க!" என்று அலறியது வெள்ளணு.

நாலாபக்கமிருந்தும் காவலர்கள் தடியோடு வந்து குவிந்தார்கள். அங்கே அசைந்துகொண்டிருந்தது தோலணு ஒன்றுதான்.