மாற்றிக்கொள்ள வந்த புத்தகம்

“திருப்பிக் கொடுக்கிறதுக்குன்னே ஒரு கூட்டம் பொறந்திருக்கு” என்று முணுமுணுத்தாள் ஸ்டெய்னுன்.

கிறிஸ்துமஸுக்குப் பரிசாகப் போன புத்தகங்கள், விடுமுறை முடிந்து கடை திறந்ததும் அட்டையில் ஒட்டிய மாற்றுச் சீட்டோடு திரும்பி வந்துகொண்டிருந்தன. அகுரேரி ஊரில் வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான். பிடிக்காததைக் கொடுத்துவிட்டுப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற மூன்று பேர் கையிலும் அவள் எழுதிய நாவலே இருந்தால் வயிறு எரியாதா?

பிரிந்துபோன புருஷனும் பெண்டாட்டியும் பல வருஷம் கழித்து மறுபடி சேருகிற கதை. அவள் எழுதிய ஏழு நாவலும் அதே கதைதான். பெயரும் ஊரும் மட்டும் மாறும்.

முன்னால் நின்ற கம்பளித் தொப்பிக்காரரைக் கேட்டாள். “படிச்சுப் பாத்தீங்களா சார்?”

“இல்லம்மா. பின்னட்டையைப் பாத்தேன். ஓடிப்போனவனை மன்னிச்சு ஏத்துக்கிறாளாம். நிஜத்துல எவம்மா மன்னிக்கிறா?”

“திறந்துகூடப் பாக்காம திருப்பிக் கொடுக்கிறது நல்லாவா இருக்கு?”

“அப்ப நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?”

ஸ்டெய்னுன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பின்னட்டையில் அவள் படம் இருந்தது. நல்லவேளை, இருபது வருஷத்துக்கு முந்தின படம். மனுஷனுக்கு அடையாளம் தெரிய வழியே இல்லை.

பைக்குள்ளும் அதே நாவல்தான். அனுப்பியவன் தோர்லாக், அவளுடைய முன்னாள் புருஷன். எழுதினவளுக்கே அவள் புத்தகத்தைப் பரிசாக அனுப்புகிற மேதாவி. கிண்டல் இல்லாமல் வேறென்ன? காகிதத்தைப் பிரித்தாள், அட்டையைப் பார்த்தாள், பையில் போட்டாள். அச்சுப்பிழை திருத்த நாலு தடவை படித்ததிலேயே அவளுக்கு அந்தக் கதை வாந்தி வரும்படி ஆகியிருந்தது.

அவள் முறை வந்தது. கல்லாவில் வல்லா, பள்ளித் தோழி.

“என்னடி, உன் புத்தகத்தை நீயே திருப்பறியா?”

“தோர்லாக் அனுப்பினது. பதிலா ஏதாவது கொலைக்கதை கொடு. ரத்தம் நல்லா ஓடணும்.”

“போன வாரம் வானொலியில மன்னிப்பைப் பத்தி அரை மணி நேரம் பேசினியே. நான் அழுதே போயிட்டேன்.”

“அது தொழில்டி.”

“அவன் போன் பண்ணினா எடுக்கறியா, இல்லையா?”

“ஆறு வருஷமா எடுக்கல. பதினாலு வருஷம் கூட வாழ்ந்தான் வல்லா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ‘தப்பு என்னோடது’ன்னு சொன்னதில்ல. அதை மட்டும் சொல்லியிருந்தா நான் எதுக்குப் பிரியறேன்?” புத்தகத்தை எடுத்து வல்லா முன்னால் வைத்தாள். “சரி விடு, சீட்டைக் கிழி.”

திரும்பி வருகிற எதையும் புரட்டிப் பார்த்த பிறகுதான் கடையில் எடுத்துக்கொள்வார்கள். புரட்டிய வல்லாவின் கை நின்றது.

“இதை மாத்த முடியாதுடி.”

“ஏன், சீட்டு இருக்கே?”

“பக்கத்துக்குப் பக்கம் பேனாவால எழுதியிருக்கு.”

ஸ்டெய்னுன் வெடுக்கென்று பிடுங்கினாள்.

பதினேழாம் பக்கம். மாமியார் சாவுக்கு வராமல் கதாநாயகன் மீன் பிடிக்கப் போகிறான். ஓரத்தில் தோர்லாக்கின் கோழிக்கிறுக்கல்: ‘இது நான். தப்பு என்னோடது.’

அறுபத்து மூன்று. நண்பர்கள் முன்னால் மனைவி எழுதியதைப் படித்துக் காட்டிச் சிரிக்கிறான். ‘இதுவும் நான்தான். மன்னிச்சிடு.’

நூற்று நாற்பது. இருநூற்றுப் பத்து. ஒன்றையும் அவன் விடவில்லை. ஸ்டெய்னுனுக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். கதாநாயகி எல்லாவற்றையும் மன்னித்து, போனை எடுத்து அவனை வீட்டுக்கு வரச் சொல்கிற இடம்.

அதன் ஓரத்தில் எழுதியிருந்தான்:

‘இது நீயா?’