படித்த ஒருவர்

அந்த ஆண்டு கல்லூரிக்கு விண்ணப்பித்த எல்லோருமே புத்தகம் போட்டிருந்தார்கள். அதனால் முன்பின் தெரியாத வாசகர் ஒருவர் நேரில் வந்து, படித்ததால் என்ன மாறியது என்று சொன்னால்தான் புத்தகத்துக்கு மதிப்பெண். திக்கிப் பேசும் தம்பியைப் பற்றி எழுதியிருந்த பெனிட்டா, படித்தவர்கள் யாராவது வர முடியுமா என்று இணையத்தில் கேட்டுப் பார்த்தாள். யாரும் பதில் போடவில்லை. நேர்காணல் அறையில் தனியாகத் தலைகுனிந்து நின்றாள்.

அப்போது காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"சங்கரன்கோயில்ல பஸ் ஓட்டுறேன் சார். இந்தப் புள்ள புத்தகத்தப் படிச்சிருக்கேன். நெட்ல கேட்டிருந்ததப் பாத்துட்டு வந்தேன்."

"படிச்சு என்ன ஆச்சு?" என்றார் பேராசிரியர்.

"என் மவனுக்கும் திக்கும். முன்னெல்லாம் அவன் சொல்ல வர்றத நானே சொல்லி முடிச்சிருவேன். இப்ப காத்திருக்கேன். வீட்ல முழுக்க அவன் பேச்சுதான் சார்."

பெனிட்டாவுக்கு இடம் கிடைத்தது. வெளியே வந்ததும், "ரொம்ப நன்றி அண்ணாச்சி" என்று அழுதாள்.

"அந்த நன்றியச் சொல்லத்தாம்மா நானே வந்தேன்" என்றார் அவர்.